திட்டியதற்கு ஐந்து நட்சத்திரம்

சில மாதங்களுக்கு முன் புத்தூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். மண்டபமே எழுந்து நின்று மேடையைப் பார்த்து அட்சதை வீசுகிறது. நான் மட்டும் கை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன்.

பெண் வீட்டார் மேல் கோபமா? இல்லை. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா? தங்கமான பையன். விஷயம் அதுவல்ல... என்னால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. தூக்கினால் போட்டிருக்கும் ப்ளவுஸ் மொத்தமும் கூடவே கிளம்பி மேலே வருகிறது.

மானமா, மணமக்களா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மானத்தின் பக்கம் நின்றேன். அரிசியை எனக்கு முன்னால் நின்ற குள்ளமான மனிதரின் வழுக்கைத் தலையில் பக்குவமாகத் தூவிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கும்பிட்டுவிட்டு மறுபடி மேடையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

'ப்ளவுஸ் சமாசாரம், நமக்கெதற்கு' என்று ஆண் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது கல்வியைப் பற்றிய கட்டுரை. சத்தியமாக.

அந்த ப்ளவுஸைத் தைத்தவள் ஸ்டெல்லா. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். கணவர் ஆரோக்கியராஜுக்கு அங்கேயே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஸ்டெல்லாவும் நானும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள். எனக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு உட்கார்ந்து உங்களுக்கு முழு நேரமாக எழுத ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கு அந்த வயது வருவதற்குள் அலுவலகமே ஓய்வு பெற்றுவிட்டது. மூடிவிட்டார்கள்.

"சும்மா உக்காந்திருக்க முடியாதுக்கா. ஆன்லைன்ல தையல் கத்துக்கறேன். சர்ட்டிஃபிகேட் குடுக்கறாங்க. தனியா ஒரு மென்டார் இருக்காங்க, நமக்குன்னே" என்று ஒரு நாள் போன் செய்தாள்.

தையலை ஆன்லைனில் கற்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் இந்தக் காலத்தில் சந்தேகப்படுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடியதோடு நிறுத்தியிருக்கலாம். "என் துணியிலேயே தச்சுப் பழகு" என்று ஒரு நல்ல பட்டு ப்ளவுஸ் துணியைக் கொடுத்துத் தொலைத்தேன். அதன் பலனைத்தான் புத்தூரில் அனுபவித்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கக்கா, உங்க ப்ளவுஸுக்கு என்ன போட்டிருக்காங்கன்னு."

பார்த்தேன். ஹேங்கரில் தொங்கும் என் ப்ளவுஸின் போட்டோ. அதன் கீழே, 'பிரமாதம் ஸ்டெல்லா! நீங்கள் ஒரு பிறவிக் கலைஞர்! பெர்ஃபெக்ட் ஃபிட்!' திரை முழுக்க வண்ண வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. கடைசியாக ஒரு தங்கக் கத்தரிக்கோல் சுழன்று சுழன்று வந்து நின்றது. அது பேட்ஜாம். அவளிடம் ஏற்கெனவே நாலைந்து இருந்தன. இத்தனையையும் வழங்கியவர் 'மென்டார் ரியா'. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பல் தெரியச் சிரிக்கும் படம். வரைந்த படம்.

"ஸ்டெல்லா, என்னால கையைத் தூக்க முடியலைம்மா."

"மென்டார் பெர்ஃபெக்ட் ஃபிட்னு போட்டிருக்காங்களேக்கா."

"அவங்க ஹேங்கரைப் பாத்து சொல்றாங்க. ஹேங்கர் கையைத் தூக்காது."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டையை அப்படியே மடித்து வைத்துவிட்டு காபி குடித்தேன்.

இந்த ஆன்லைன் வகுப்புகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே யாருமே தப்புச் செய்வதில்லை. என் அண்ணன் மகள் ஆன்லைனில் கிடார் கற்கிறாள் — ஆஹா. எதிர் ஃபிளாட் மாமா ரிட்டையரான பிறகு ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறார் — அபாரம். பொத்தானை அழுத்தினால் பட்டாசு வெடிக்கிறது. நாள் தவறாமல் ஆப்புக்குள்ளே வந்தால் தீப்பிழம்புப் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். இத்தனை மேதைகள் திருச்சியில் இருந்தும் ஒரு கிடார் சத்தம்கூட நான் உருப்படியாகக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டெல்லா நேர்மையான பெண். எனக்கு காபி கொடுத்த கையோடு ஆப்பில் போய், 'என் கஸ்டமரால் கையைத் தூக்க முடியவில்லை. என்ன செய்வது?' என்று தட்டி அனுப்பினாள். நொடியில் பதில் வந்தது. 'வாழ்த்துகள்! வாடிக்கையாளர் கருத்து என்பது வளர்ச்சிக்கான அழகான வாய்ப்பு!'

வளர்ச்சிக்கான வாய்ப்பு. அதைத்தான் நான் புத்தூரில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்... எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அடுத்த நாள் ஒரு அதிசயம் நடந்தது. அதே ரியாவின் பெயரில் ஒரு வாய்ஸ் மெசேஜ். சின்னப் பெண்ணின் குரல் இல்லை. ஐம்பது வயதாவது இருக்கும் ஒரு அம்மாவின் குரல். பின்னால் குக்கர் விசில் வேறு. ஸ்டெல்லா எனக்கு அதை அப்படியே அனுப்பியிருந்தாள்.

"ஸ்டெல்லா, அந்த ப்ளவுஸை யாராவது போட்டுக்கிட்டு கையைத் தூக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. ஹேங்கர்ல மாட்டி அனுப்பாதீங்க. ஹேங்கருக்கா தைக்கறீங்க?"

யார் அந்த 'யாராவது'? நான்தான். இருபது வருடமாக எழுதுகிற என்னை ஒரு பத்திரிகைக்காரர்கூட இத்தனை போட்டோ எடுத்ததில்லை. ஒரு கையைத் தூக்கி, இரண்டு கையையும் தூக்கி, முன்னால், பின்னால்... தலை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தலையில்லாத முண்டமாகப் பெங்களூருக்குப் போனேன். ஆப்பின் அலுவலகம் அங்கேதான்.

பதில் வந்தது. அதுவும் குரல்தான்.

"இதை யார் போடுறது ஸ்டெல்லா? பாவம் அந்தம்மா. கைக்குழி டைட்டா இருக்குன்னு இறக்கி வெட்டிட்டீங்க, இல்ல? இறக்கினா லூசாகும்னு நினைச்சிருக்கீங்க. கைக்குழியை எவ்வளவு இறக்கறீங்களோ, கையைத் தூக்கினா ப்ளவுஸ் அவ்வளவு மேல வரும். சரி, அதை விடுங்க. சைடுல தையல் ஏன் ரெண்டா பிரிஞ்சு போகுது? இது என்ன, காவிரி பிரியற முக்கொம்பா? எல்லாத்தையும் பிரிங்க. மூணாவது பாடத்திலேருந்து திரும்ப ஆரம்பிங்க."

அன்று ஸ்டெல்லா அழுதாள். இரவு சாப்பிடவில்லை என்று ஆரோக்கியராஜ் எனக்குப் போன் செய்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். தையலே வேணாங்கறா."

நான் போன் செய்தபோது காலை எட்டு மணி. எடுத்தவுடன் பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம். "அக்கா, நேத்து முழுக்க அழுதேன். காலைல எந்திரிச்சு யோசிச்சுப் பாத்தேன். இத்தனை நாளா ஒருத்தர்கூட என் தையலைப் பாக்கவே இல்லைக்கா. இவங்கதான் பாத்திருக்காங்க. ஆள் மாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன். பேரு ரியாதான் வருது. ஆனா இவங்க வேற. முக்கொம்புன்னு சொல்றாங்களே, நம்ம ஊரு மிஸ்ஸா இருப்பாங்களோ?"

மிஸ். அந்த நிமிடத்தில் மென்டார் ரியா பதவி உயர்வு பெற்று 'மிஸ்' ஆகிவிட்டார்.

அப்புறம் மாதக்கணக்கில் நடந்தது இருக்கிறதே, அது வகுப்பு. மிஸ் முதலில் துணியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பேப்பர்ல வெட்டுங்க. கை வரட்டும்." ஸ்டெல்லா வீட்டில் இருந்த பழைய பேப்பரெல்லாம் ப்ளவுஸாக மாறியது. ஒரு நாள் போனபோது, என் பத்தி வந்த பக்கம் இடது கையாக வெட்டப்பட்டு மேஜையில் கிடந்தது. என் எழுத்துக்கு ஒரு வடிவம் இல்லை என்று விமர்சிப்பவர்கள் கவனிக்கவும்.

மிஸ் ஒவ்வொரு நாளும் கேட்டார். "வெட்டினீங்களா?" வெட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்டார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஸ்டெல்லா சொன்னால், "சரி, அவங்களைப் பாத்துக்குங்க, நாளைக்கு ரெண்டா வெட்டுங்க" என்றார். ஒரு தடவை மிஸ்ஸிடமிருந்து இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், "வீட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரில இருந்தேன். இனிமே அவரால வேலைக்குப் போக முடியாது. எனக்கு இந்த வேலைதான். அதனால ராத்திரி உக்காந்தாவது உங்க போட்டோவைப் பாத்துடுவேன், கவலைப்படாதீங்க" என்றார். அப்புறம் உடனே, "ஹூக் பட்டி கோணலா இருக்கு" என்றும் சொன்னார்.

முடிவில் எனக்கு ஒரு ப்ளவுஸ் வந்தது. போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். சீட் இருந்தது. உட்காரவில்லை. மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, கடைசி வரை நின்றுகொண்டே வந்தேன். "உக்காருங்கம்மா, எடம் இருக்கு" என்று கண்டக்டர் இரண்டு முறை சொன்னார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

கதை இங்கே முடிந்திருந்தால் இது வெறும் நல்ல செய்தி. நல்ல செய்தியை எழுத எனக்குக் கை வராது என்பது உங்களுக்கே தெரியும்.

படிப்பு முடிந்ததும் ஆப் கேட்டது: 'உங்கள் மென்டாரைப் பற்றி நாலு வார்த்தை!' ஸ்டெல்லா ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, யோசித்து, மனதார எழுதினாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். கீழே எழுதியது இது:

'மிஸ் என்னை நல்லா திட்டினாங்க. ஒரு நாள் அழ வெச்சுட்டாங்க. தப்பா தச்சா விடவே மாட்டாங்க. அவங்க திட்டலைன்னா நான் கத்துக்கிட்டிருக்கவே மாட்டேன். அவங்க குடும்பத்தோட நல்லா இருக்கணும்.'

இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு ஆசிரியரைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்ல முடியுமா? 'ரொம்ப ஸ்ட்ரிக்ட்' என்பதற்காகவே நன்கொடை கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிற ஊர் இது. 'கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்' என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த அப்பாக்கள் இருந்தார்கள். அடிப்பதை நான் ஒரு காலத்திலும் நியாயப்படுத்தியதில்லை. அந்த அப்பாக்களை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுதியும் இருக்கிறேன். ஆனால் 'திட்டினாங்க' என்று ஒரு பெண் கண்கலங்கச் சொல்லும்போது, அது புகாரா நன்றியா என்று புரிந்துகொள்ள திருச்சியில் யாருக்கும் அகராதி வேண்டாம்.

ஆப்புக்கு வேண்டியிருந்தது.

அரை மணி நேரத்தில் ஸ்டெல்லாவுக்கு ஒரு மெயில். 'உங்களுக்கு நேர்ந்த கசப்பான அனுபவத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட மென்டார் உடனடியாக விலக்கி வைக்கப்பட்டிருக்கிறார். உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்.' கூடவே ஒரு பேட்ஜ். துணிச்சலாகப் பேசியதற்காக. அதில் ஒரு சிங்கம்.

ஸ்டெல்லா அந்த மெயிலோடு ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"அக்கா, நான் நல்லதுதானே எழுதினேன்? மிஸ்ஸை உள்ள விடலையாம். மெசேஜ் போட்டா 'இந்த மென்டார் இப்போது இல்லை'ன்னு வருது. வீட்டுக்காரருக்குக் கண்ணு போச்சு, இந்த வேலையை நம்பித்தான் இருக்காங்க. நான் ஒரு குடும்பத்தோட சோத்துல கைய வச்சிட்டேனே."

"பதறாதே. இது புகார் இல்லை, பாராட்டுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது" என்றேன் நான். எழுத்தாளர் இல்லையா?

எழுதினாள். 'இது புகார் இல்லை. அவங்க திட்டினது என் நல்லதுக்குத்தான்.' பதில்: 'உங்கள் இரண்டாவது புகார் பதிவு செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது இயல்பு. நீங்கள் தனியாக இல்லை.'

சரி, இது சாமானியர்களால் ஆகாத காரியம் என்று நானே களத்தில் இறங்கினேன். ப்ளவுஸைப் போட்டவள் என்ற முறையில் ஒரு நீண்ட கடிதம் தட்டினேன். அவருடைய கண்டிப்பு, கறார், விட்டுக்கொடுக்காத குணம் எல்லாவற்றையும் என் முழுத் திறமையையும் காட்டி வர்ணித்தேன். அழகான கடிதம். பத்திரிகையில் வந்திருந்தால் பேர் வாங்கியிருக்கும். ஆப்பில் அது மூன்றாவது புகாராகப் பதிவானது. எனக்கும் ஒரு சிங்கம் வந்தது.

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து மனைவியை அழைத்துப்போக வந்த ஆரோக்கியராஜ், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு போல்ட்டைத் தப்பா முடுக்கினா ஃபோர்மேன் காது கிழியக் கத்துவாரு. அவரு 'வளர்ச்சிக்கான வாய்ப்பு'ன்னு தட்டிக்குடுத்தா, அந்த ரயில்ல நீங்க ஏறுவீங்களா மேடம்?" நான் ஏற மாட்டேன். ஆனால் ஆப்பிடம் ரயில் இல்லையே.

இரண்டு நாளில் ஒரு வீடியோ மீட்டிங்குக்கு அழைப்பு வந்தது. 'மனம் திறந்து பேசுவோம்' என்று அதற்குப் பெயர். ஸ்டெல்லா, அவள் மென்டார், கம்பெனியின் லேர்னர் ஹேப்பினஸ் மேனேஜர், மூவரும் பேசி முடிவெடுப்பார்கள். ஹேப்பினஸுக்கு ஒரு மேனேஜர். கேட்கவே ஹேப்பியாக இருந்தது.

ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்துதான் மீட்டிங்கில் உட்கார்ந்தாள். நான் கேமராவில் படாமல் பக்கத்தில்.

"இதோ பாரு, 'திட்டவே இல்லை'ன்னு சொல்லிடு. தங்கமா பேசினாங்கன்னு சொல்லிடு. வேலை பொழச்சுடும்" என்று காதில் ஓதினேன்.

"மிஸ்ஸைப் பத்திப் பொய் சொல்லணுமாக்கா?"

"நல்ல பொய்தானே."

அதற்குள் திரை திறந்துவிட்டது.

மேனேஜர் விஷால். முப்பது வயதிருக்கும். சரளமாகத் தமிழ் பேசினார், குரலில் மரியாதை சொட்டியது. மோசமான ஆள் இல்லை. இன்னொரு கட்டத்தில்... மிஸ். முதல் தடவையாகப் பார்க்கிறோம். ரியா மாதிரி பல் தெரியச் சிரிக்கவில்லை. காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் இன்ச் டேப். கழற்ற மறந்துவிட்டார் போல. பெயர் வசந்தா என்று கீழே எழுதியிருந்தது. மைக்கை மூடி வைத்திருந்தார்கள். வாயைக் கட்டி கூண்டில் ஏற்றிய மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டெல்லா மேடம், இது உங்களுக்குப் பாதுகாப்பான இடம். ஃப்ரீயா பேசலாம்" என்றார் விஷால். "வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டோம். 'இதை யார் போடுறது'ன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார்."

நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"அது உங்களைக் காயப்படுத்துச்சா?"

"ஆமா சார். ராத்திரி சாப்பிடலை."

போச்சு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எதிரே வசந்தா மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அது தப்புதானே மேடம்?"

"ப்ளவுஸ் தப்பு சார்" என்றாள் ஸ்டெல்லா. "சார், நான் ஒண்ணு சொன்னா செய்வீங்களா? ஒரு கையைத் தூக்குங்க."

விஷால் எதையோ அழுத்தினார். திரையில் மஞ்சளாக ஒரு பொம்மைக் கை எழும்பியது.

"அது இல்ல சார். உங்க கை."

தயங்கித் தயங்கி நிஜக் கையைத் தூக்கினார்.

"உங்க சட்டை இருந்த எடத்துலேயே இருக்கு பாருங்க. உங்க கை மட்டும்தான் மேல போகுது. அந்தச் சட்டையைத் தச்சவரை ஒரு காலத்துல யாரோ நல்லா திட்டியிருக்காங்க சார்."

விஷால் கையை இறக்காமல் தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மெல்ல இறக்கினார்.

"எனக்குப் புரியுது மேடம். நிஜமா புரியுது. எங்களுக்கே ஒரு குழப்பம் இருக்கு. உங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வர்ற கம்ப்ளெயின்ட் எல்லாமே ஃபைவ் ஸ்டாரோடதான் வருது. வசந்தா மேடம் மேல ஏற்கெனவே மன்னார்குடிலேருந்து ஒண்ணு, திண்டுக்கல்லேருந்து ஒண்ணு. 'உயிரை எடுப்பாங்க'ன்னு எழுதி அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. ஆனா சிஸ்டத்துல ரெட் ஃபிளாக் ஏறிடுச்சு. நானா அதை எடுக்க முடியாது. ரெண்டே வழிதான். ஒண்ணு, அவங்க ஐடியை க்ளோஸ் பண்ணணும். இல்லைன்னா, அவங்க உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும், அது ரெக்கார்ட் ஆகணும்."

ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "வேணாம் சார். மிஸ் எங்கிட்ட மன்னிப்பு கேக்கறதா? எனக்குப் பாவம் வந்து சேரும் சார். நான் வேணா கேக்கறேன்."

"லேர்னர் கேக்க ஆப்ஷன் இல்லை மேடம்."

மிஸ்ஸின் மைக்கைத் திறந்தார்கள். உள்ளே ஒரு ஆணின் குரல், "யாரு வசந்தா?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லைங்க, ஆபீஸ்" என்று திரும்பிச் சொன்னார். மறுபடி எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நன்றாகச் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்கு ஒரு அம்மா வேலைக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறார், அதை என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

"கேக்கறேன் சார்" என்றார். "ஸ்டெல்லா, உக்காருங்க. நான் கேக்க வேண்டியதுதான்."

ஸ்டெல்லா உட்காரவில்லை.

"நீங்க ஆள் மாறிட்டாங்கன்னு நினைச்சீங்கன்னு உங்க மெசேஜ்ல தெரிஞ்சுது. மாறலை ஸ்டெல்லா. மொதல்லேருந்து நான்தான். ஹேங்கர் போட்டோவுக்கு 'பெர்ஃபெக்ட் ஃபிட்'னு போட்டேனே, அதுவும் நான்தான். பிறவிக் கலைஞர், தங்கக் கத்தரிக்கோல் எல்லாம் பட்டன்ல இருக்கும். அழுத்தினா போதும். 'தப்பு'ங்கற வார்த்தையை நாங்க அடிச்சா ஸ்க்ரீன்ல விழாது. கைக்குழி தப்புன்னு போட்டோவைப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுத்தினேன். உங்க கஸ்டமரால கையைத் தூக்க முடியலைன்னு எழுதினீங்க பாருங்க... அன்னிக்கு மனசு கேக்கலை. அதனாலதான் மறுநாள் வாயால பேசி அனுப்பினேன்."

கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் திட்டினதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி உங்களைப் பாராட்டினேன் இல்ல... அதுக்குத்தான் கேக்கறேன். மன்னிச்சுக்குங்க ஸ்டெல்லா. படிக்க வந்தவங்களை நான் ஏமாத்தியிருக்கக் கூடாது."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான். கேமராவில் இல்லாதவள் அழுதால் யாருக்குத் தெரியும்?

விஷால் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் விரல் நின்றது. திரையைக் கீழே தள்ளினார், மேலே தள்ளினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், இதுல 'மன்னிப்பு கேட்டார் — ஆம், இல்லை'ன்னு மட்டும்தான் இருக்கு. எதுக்குன்னு கேக்கலை." நிமிர்ந்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. "ஆம்னு போட்டுட்டேன். கேஸ் க்ளோஸ்டு. திங்கள்கிழமைலேருந்து நீங்க லாகின் பண்ணலாம் வசந்தா மேடம்."

வசந்தா மிஸ் வேலையில்தான் இருக்கிறார். பட்டனையும் அழுத்துகிறார், வேறு வழியில்லை. அழுத்திவிட்டுக் கையோடு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாராம். ரெட் ஃபிளாக் ஏறினால், ஒரு மன்னிப்பு. அதை எதற்குக் கேட்கிறார் என்று அவருக்கும் படிப்பவர்களுக்கும் தெரிந்தால் போதாதா?

அது சரி... இந்தப் பத்திக்கு வாராவாரம் 'சூப்பர் மேடம்' என்று எழுதிப் போடுகிறீர்களே, உங்களில் யாருக்காவது என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதா?